பதினாறு இலக்கமும் ஒரு கடலும்

எங்கள் நாட்டில் வல்லரசுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. பெரியதைப் 'பெரிய வீடு' என்போம். அதோடு மல்லுக்கு நிற்பது 'எதிர் வீடு'. பெரிய வீடு பாலம் கட்டிக்கொடுத்தால் மறு வருஷமே எதிர் வீடு விளையாட்டு மைதானம் கட்டிக்கொடுக்கும். நாங்கள் அந்தப் பாலத்தில் நடந்துபோய் இந்த மைதானத்தில் பந்தாட்டம் பார்ப்போம். சின்ன நாடாக இருப்பதில் இப்படி ஒரு சுகம் உண்டு, ஆளாளுக்குத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். மடியில் இருக்கும்போது இறங்கிப் பார்க்கத் தோன்றாது என்பதுதான் சங்கடம்.

நான் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டுக்கு மெஷின் டெக்னீஷியன். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின்கள் ஆறு இருக்கின்றன. அவற்றை நம்பி உயிரை வைத்திருப்பவர்கள் பத்தொன்பது பேர். நாடு முழுவதற்கும் இந்த ஆறுதான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் பெரிய வீடு அன்பளிப்பாக அனுப்பியது. கூடவே, அதில் பழக்க என்னை மூன்று மாதம் அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். முதன்முதலாக விமானம் ஏறினேன். முதன்முதலாக ஒருவர் என் வேலையைப் பார்த்து "உங்க கை நல்ல கை" என்று சொன்னார். அவர்தான் எனக்குப் பாடம் எடுத்த இன்ஜினியர், என்னைவிட ஐந்து வயது சின்னவர். பம்பை நாற்பது தடவை பிரித்து நாற்பது தடவை மாட்ட வைத்தார். அவர்கள் பாஷையை அவரிடமிருந்துதான் கற்றேன். பதிலுக்கு நான் கற்றுக்கொடுத்தது ஒரே வார்த்தை, அக்கா. இன்றுவரை என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

வார்டில் அவருக்குப் பெயர் 'நம்பர்காரர்'. காரணம் இருக்கிறது. தொண்ணூறு நாளுக்கு ஒரு தடவை நான் அவருக்குப் போன் செய்து பதினாறு இலக்க எண் ஒன்றை வாங்கி மெஷின்களில் அடிக்க வேண்டும். அடித்தால், சோதனை முடிந்தது என்று அவர்கள் பக்கம் பதிவாகும். அடிக்காவிட்டால் பத்து நாள் தவணை. பதினோராம் நாள் திரையில் ஒரு பூட்டுப் படம் வந்துவிடும். அப்புறம் நான் தலைகீழாக நின்றாலும் பம்ப் சுற்றாது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்கே சிறுநீரகம் போயிற்று. விசைப்படகு ஓட்டிக்கொண்டிருந்தவர், நாலு ஆட்களை வைத்து மீன்பிடித்தவர். படகை விற்றாலும் 'கேப்டன்' என்ற பெயர் போகவில்லை. திங்கள், புதன், வெள்ளி காலை அவர் வருவார், மூன்றாம் நாற்காலியில் சாய்வார், நர்ஸ் ஊசி போடுவாள், நான் மெஷினை ஓட விடுவேன். ரத்தம் வெளியே போய் வரும்போது ஆளுக்குக் குளிரெடுக்கும். நம்பர்காரரிடம் இதை ஒரு தடவை சொல்லியிருந்தேன் போலிருக்கிறது, பெரிய கம்பளிக் கோட்டு ஒன்று பார்சலில் வந்து இறங்கியது. குளிர்காலமே இல்லாத ஊரில் கேப்டன் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வார்டே சிரிக்கும். "சிரிங்கடா, யாருக்கு வெளிநாட்டுலேருந்து கோட்டு வருது?" என்பார்.

இனி என் தம்பி. வெளியுறவு அமைச்சகம் தபாலாபீசுக்கு மேல்மாடியில் இருக்கிறது. மொத்தம் ஏழு பேர். அதில் சர்வதேசக் கூட்டங்கள் பிரிவு என்று ஒரு பலகை தொங்கும். அந்தப் பிரிவின் தலைவர், எழுத்தர், பியூன் எல்லாம் என் தம்பி ஒருவனே. எங்கோ நடக்கிற கூட்டங்களில் எங்கள் பிரதிநிதி எதற்குக் கை தூக்க வேண்டும் என்பதை இவன்தான் எழுதி அனுப்புவான். அமைச்சர் கையெழுத்துப் போடுவார், சில நாள் படித்துவிட்டுக்கூடப் போடுவார்.

மூன்று வருஷமாக அவன் தூக்கிச் சுமந்தது ஒரு தீர்மானம். கரையிலிருந்து ஐம்பது மைலுக்குள் அந்தந்த நாட்டுப் படகுகளைத் தவிர பெரிய மீன்பிடிக் கப்பல்கள் வரக் கூடாது என்பது அதன் சாரம். யாருடைய கப்பல்கள் என்று சொல்லத் தேவையில்லை. பெரிய வீட்டுக் கப்பல் ஒன்று இரண்டு நாள் வலை இழுத்துவிட்டுப் போனால் எங்கள் ஆட்கள் ஒரு மாதம் வெறும் வலையைத்தான் உதறுவார்கள். கேப்டன் படகை விற்றதற்கு உடம்பு பாதிக் காரணம், இந்தக் கப்பல்கள் மீதிக் காரணம். தீர்மானத்தில் ஐம்பது மைல் என்று வந்ததே அவர் வாயிலிருந்துதான். எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்து, மீன் எங்கே முட்டை போடும், கப்பல் எங்கே வரும் என்று கரண்டியால் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். தம்பி அதை எழுதி, எங்களைப் போன்ற ஆறு சின்ன நாடுகளை ஒவ்வொன்றாகப் பேசிச் சரிக்கட்டி வைத்திருந்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு. ஜெயித்துவிடும் போலத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை நான் நம்பருக்குப் போன் செய்தேன். அவர் குரலே சரியில்லை.

"அக்கா, ஒரு சின்னச் சிக்கல். கம்ப்யூட்டர் நம்பர் குடுக்க மாட்டேங்குது. மேலிடத்து அனுமதி வேணும்னு வருது."

"பதினொரு வருஷமா இல்லாத மேலிடம் இப்ப எங்கேருந்து முளைச்சுது?"

"எனக்கும் புரியலை. மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன். நீங்க பயப்படாதீங்க, நான் விடமாட்டேன்."

அவர் நல்லவர், நிஜமாகவே விடமாட்டார். ஆனாலும் போனை வைத்ததும் நாட்காட்டியை எடுத்து எண்ணினேன். பத்து நாள் என்றால் வரும் ஞாயிறு போய் அடுத்த ஞாயிறு பூட்டு விழும். அதற்குப் பிறகு ஒரு வாரம் தாங்கினாலே பெரிது. பத்தொன்பது பேர் என்று சொன்னேனே, பொய் சொல்வானேன், எனக்கு அந்த நேரத்தில் ஒருவர்தான் கண்ணுக்குத் தெரிந்தார்.

மறுநாள் மத்தியானம் தம்பியின் ஆபீசுக்குப் போனேன். பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சின்ன வயதில் நான் தலை வாரிவிடும்போதும் இப்படித்தான் கடிப்பான். நம்பர் வராததைச் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நேத்து பெரிய வீட்டுத் தூதர் இங்க வந்திருந்தார்க்கா," என்றான்.

"மிரட்டினாரா?"

"சேச்சே. சாக்லேட் டப்பா கொண்டு வந்தார். மழை, வெயில், மைதானம்னு பேசிட்டிருந்தார். தீர்மானத்தைப் பத்தி மூச்சு விடலை. கிளம்புறப்ப வாசல்ல நின்னு, 'மூணாம் நாற்காலில உக்கார்றாரே உங்க அக்கா வீட்டுக்காரர், உடம்பு எப்படி இருக்கு'ன்னு விசாரிச்சார். அவ்வளவுதான்."

மேஜைமேல் டப்பா இருந்தது. பிரிக்கவே இல்லை.

"இந்த நாசமாப்போன மெஷினையே ஏன்தான் வாங்கினாங்களோ," என்றேன். "எதிர் வீட்டுலேருந்து எட்டு மெஷின் தர்றேன்னாங்களே, அதுக்கு நம்பரும் கிடையாது ஒண்ணும் கிடையாது. எந்த மடையன் வேணாம்னான்?"

தம்பி எழுந்துபோய் அலமாரியில் தேடி ஒரு ஃபைலை எடுத்துவந்து என் முன்னால் வைத்தான். இரண்டு பக்கக் கடிதம். நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. கீழே என் கையெழுத்து.

எழுதியது மறந்தே போயிருந்தது. படிக்கப் படிக்க ஞாபகம் வந்தது. எதிர் வீட்டு மெஷினை மாதிரிக்கு ஒன்று அனுப்பியிருந்தார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் என் கைக்குப் பழகவில்லை, மூடியைத் திறக்கும்போதே எரிச்சலாக வந்தது. அதைவிட, நம்பர்காரரிடம் போய் இனிமேல் உங்கள் நம்பர் வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது என்று இருந்தது. அப்படியெல்லாம் ஆபீஸ் கடிதத்தில் எழுத முடியுமா? பராமரிப்பு, பயிற்சி, நோயாளிகளின் பாதுகாப்பு என்று வாய்க்கு வந்ததை அளந்து, வேண்டாம் என்று முடித்திருந்தேன்.

"என்னாலதான்னு சொல்றியா?" என்று எகிறினேன்.

"கத்தாதேக்கா. பெரிய வீடு இங்க படையா அனுப்புச்சு? உன்னை மூணு மாசம் கூட்டிட்டுப் போய் நல்லாப் பாத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான் பண்ணினாங்க. நம்ம போலீஸுக்கு அங்க டிரெய்னிங். துறைமுகத்துல கிரேன் ஓட்றவருக்கு அங்க டிரெய்னிங். எல்லாரும் நல்ல மனுஷங்க, எல்லாருக்கும் அங்க ஒரு சிநேகிதர் இருக்கார். கேட்டா வேண்டாம்னு சொல்ல வாய் வராது."

"நீ ரொம்ப யோக்கியமோ? நீ படிச்சது யார் ஸ்காலர்ஷிப்ல?"

"அவங்களதுதான். நான் இல்லேன்னேனா?" என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. அவன் எழுந்துபோய் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்தான், பக்கத்து அறைக்காரர் பார்க்கக் கூடாது என்று.

சனிக்கிழமை நம்பர்காரரே கூப்பிட்டார். மேலதிகாரிக்கு இன்னொரு கடிதம் எழுதியிருப்பதாகச் சொன்னார்.

"இன்னொண்ணுன்னா? முன்னாடியும் எழுதினீங்களா?"

"போன மாசமே எழுதினேன்க்கா. உங்களுக்கு ஃபில்டர் பத்தலைன்னீங்கல்ல, அதுக்காக. சும்மா கேட்டா குடுக்க மாட்டாங்க, மனசு இளகணும். அதான் எல்லாத்தையும் எழுதினேன். கேப்டன் மூணாம் நாற்காலில உக்கார்றது, நீங்களே அவருக்கு மெஷின் ஓட்றது, உங்க தம்பி வெளியுறவு அமைச்சகத்துல இருக்கறது, உங்க மூணு பேருக்குள்ள இருக்கற பாசம், எல்லாம். ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். படிச்சா கல்லும் கரையும்."

கல் கரைந்துதான் இருக்கிறது, தூதர் வரைக்கும் போயிருக்கிறது. இதையெல்லாம் அவருக்குச் சொன்னது யார்? நம்பர் வாங்குகிற சாக்கில் மணிக்கணக்காகக் கதையளந்த நான்தான். அவர்மேல் கோபப்பட முயற்சி செய்தேன், முடியவில்லை. சொல்லிக்காட்டவும் மனசு வரவில்லை. கேட்டால் அந்த மனிதர் சாப்பிடவே மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வழக்கம்போல மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். கேப்டனிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று நானும் அவனும் பேசிவைத்திருந்தோம். ஆனால் ஐந்து வருஷம் அந்த நாற்காலியில் கிடந்தவருக்கு மெஷின் திரையில் 'தவணை 9 நாள்' என்று வருவதைப் படிக்கத் தெரியாதா? தட்டில் கை வைக்கும்போதே பிடித்துக்கொண்டார்.

"என்ன மாப்ள, நம்பர் வரலையாமே. செவ்வாய்க்கிழமைக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் குழம்புப் பாத்திரத்தைப் பார்த்தேன்.

"இருக்கும் மாமா," என்றான்.

"இருந்துட்டுப் போகட்டும். நீ எழுதினதுல ஒரு புள்ளி மாத்தினாலும் இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதே. என்னோட ஓடின படகு எத்தனை இருந்துச்சு தெரியுமாடா? அம்பது. இப்ப பதினொண்ணு. அந்தப் பதினொண்ணுக்காவது ஏதாவது மிஞ்சணும்."

"சரி மாமா."

"சத்தமாச் சொல்லு."

"சரி மாமா," என்று சத்தமாகச் சொன்னான். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். கேப்டனுக்குத் தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தம்பி எங்கள் வீட்டில் தண்ணீரே குடிக்க மாட்டான், எவ்வளவு காரமாக இருந்தாலும். அன்றும் குடிக்கவில்லை.

பஸ் நிறுத்தம் வரை நானும் கூடப் போனேன். தெருவில் ஈ காக்காய் இல்லை. எனக்குக் கடல் தெரியும், பதினொரு படகு தெரியும், தம்பியின் மூன்று வருஷம் தெரியும். எல்லாம் தெரிந்துதான் கேட்டேன்.

"அவர் சொல்றதைக் கேக்காதேடா. எனக்கு அவர் வேணும்."

பஸ் வந்ததும், "போக்கா, வெயில்ல நிக்காதே," என்றான்.

செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு நேரத்தில் எங்கள் பிரதிநிதிக்கு வயிற்றுவலி. அவர் மண்டபத்திலேயே இல்லை. வெளியே போய்க் காபி குடிக்கும்படி அவருக்கு எழுத்துமூலமாகவே உத்தரவு போயிருந்தது. தீர்மானத்தை எழுதிய நாடே எழுந்து போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? எங்களை நம்பி நின்ற ஆறில் மூன்று நாடுகளுக்கு அடுத்த பத்தாவது நிமிஷம் வயிற்றைக் கலக்கிவிட்டது. அவர்கள் ஊரில் யார் எந்த நாற்காலியில் சாய்ந்திருக்கிறார்களோ. மூன்று ஓட்டில் தோற்றது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் நம்பர் வந்துவிட்டது. நம்பர்காரர் குரலில் கல்யாண வீட்டுக் களை. தன் கடிதம் பலித்துவிட்டது என்று நம்பினார். நான் நன்றி சொன்னேன். பதினாறு இலக்கத்தையும் ஆறு மெஷினிலும் அடித்தேன். பச்சை விளக்கு வந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மெஷின்மேல் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

எட்டு மணிக்குக் கேப்டன் வந்தார். வழியிலேயே ரேடியோவில் கேட்டிருக்கிறார். என்னோடு பேசவில்லை. கோட்டைப் போட்டுக்கொள்ளவும் இல்லை. மூன்றாம் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். நர்ஸ் ஊசி போட்டாள், நான் பம்பை ஓட விட்டேன். அரை மணி நேரத்தில் குளிரில் தோள் நடுங்க ஆரம்பித்தது. கோட்டை எடுத்துப் போய்ப் போர்த்தினேன், தடுக்கவில்லை.

தம்பி ஒன்பது மணிக்கு வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். பள்ளிக்கூடத்தில் தோற்றுவிட்டு வந்த நாளில் அப்பா முன்னால் நின்ற அதே நிற்பு. இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை.

"மிதிக்காதேன்னு சொன்னது வீட்டு வாசப்படியை," என்றார் கேப்டன். "இது ஆஸ்பத்திரி. உள்ள வா."

வந்து பக்கத்தில் நின்றான். அப்புறம் கேப்டன் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வருஷத்துக்கு எத்தனை நம்பர் வாங்குவே?"

"நாலு."

"அப்ப வருஷத்துக்கு நாலு தடவை அவங்க ஏதாவது கேக்கலாம்."

நான் குழாயைச் சரிசெய்தேன்.

"கேக்கக்கூட வேணாம்," என்றான் தம்பி. "அவங்களுக்கு என்ன பிடிக்கும்னு நாமளே யோசிச்சு யோசிச்சு நடந்துக்குவோம் மாமா. இனிமே நான் ஒரு வரி எழுதுறதுக்கு முன்னாடி இந்த நாற்காலிதான் ஞாபகம் வரும்."

கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், படகை விற்ற அன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை. ஊசி இல்லாத கையால் தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். அடிக்கப் போகிறாரோ என்று நர்ஸ் ஓடிவந்தாள்.

"என் உசிரு ஒரு கடல் பெறுமாடா?" என்று கேட்டார். "சொல்லு. ஒரு கடல் பெறுமா?"

கேட்டது தம்பியை. பதில் சொன்னது நான்.

"பெறும்," என்றேன்.

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். கோபமெல்லாம் வடிந்து, களைத்துப்போன முகம்.

"அது அவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சே," என்றார்.

தம்பி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். மெஷின் நிற்கும்வரை அவன் சட்டையை இவர் விடவே இல்லை.